மாஸ்டர் என்கிற பாடம்

கடினமான ஆங்கிலச் சொற்களைக் கற்கச் செவ்வியல் நாவல் படி என்கிறார்கள். நல்லது. யாருடைய நாவல், யார் படிப்பது என்றுதான் நான் கேட்கிறேன்.

டீஃபோவின் 'ராபின்சன் குரூசோ'வை (1719) எடுத்துக்கொள்வோம். தான் காப்பாற்றிய மனிதனிடம் குரூசோ அவன் பேரைக்கூடக் கேக்கல. 'ஃப்ரைடே' என்று பேர் வைக்கிறான். அடுத்துக் கற்றுத்தரும் சொல் 'மாஸ்டர்'. அப்புறம்தான் 'யெஸ்', 'நோ'. மொழிப்பாடம் அதிகாரத்தின் சொல்லாடலாகவே தொடங்குகிறது.

அதே குரூசோ பெரிய மரத்தைக் குடைந்து ஓடம் செய்துவிட்டு, தண்ணிக்குக் கொண்டுபோக முடியாம விட்டுடுறான். மாமல்லபுரம் கரையில் இதைப் படித்தால் சிரிப்பு வரும். மரங்களைக் கட்டிக் கடலுக்குப் போய், கரை வந்ததும் அவிழ்த்துக் காயப்போட்டவர்கள் இங்குள்ள மீனவர்கள். ஆங்கில அகராதியின் 'கேட்டமரன்' அவங்க கட்டுமரந்தான்.

அதே அகராதியில் 'பரையா'வும் இருக்கிறது. பறையர் என்கிற பேர்தான், பொருளோ, ஒதுக்கப்பட்டவர். இழிவே இங்கே சொல்வளமாகிவிடுகிறது. சேரிப் பிள்ளை இதை எப்படி மனப்பாடம் பண்ணும்?

அதுக்காக ஆங்கிலம் வேண்டாம் என்பதல்ல. செங்கல்பட்டு கலெக்டர் ட்ரெமென்ஹீரின் 1891 அறிக்கையும், அதையொட்டி வந்த 1892 பஞ்சமி நில ஆணையும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை. அந்த நிலத்தை மீட்கும் போராட்டத்தில் 1994இல் செங்கல்பட்டில் போலீஸ் சுட்டு ஜான் தாமஸும் ஏழுமலையும் மாண்டார்கள். அந்த ஆணையை நாமே படித்தாக வேண்டும்.

எனவே கற்போம். ஒவ்வொரு சொல்லும் யாரிடமிருந்து வந்தது, யார் மேல் விழுகிறது என்று கேட்டபடி கற்போம். 'மாஸ்டர்' என்பதைப் படிக்கலாம். யாரைப் பார்த்தும் சொல்ல வேணாம்.