குதிரை தாவும் கட்டம்

மாட்டுங்கா மார்க்கெட்டில் சேனையும் நேந்திரங்காயும் பேரம் பேசும்போதெல்லாம் எனக்கு எழுத்தாளர் நாஞ்சில் நாடன் ஞாபகம் வந்துவிடும். 1972இல் பிழைப்புக்குப் பம்பாய் வந்தவர். ஏறக்குறைய 18 வருஷம் இங்கே இருந்தார். விற்பனைப் பிரதிநிதியாக ஊர் ஊராக அலைந்தவர். அப்படிப்பட்ட ஆள் லோக்கல் ரயில் நெரிசலையல்லவா முதலில் எழுதியிருக்க வேண்டும்? எழுதவில்லை. ‘தலைகீழ் விகிதங்கள்’ (1977), ‘என்பிலதனை வெயில் காயும்’ (1979), ‘மாமிசப்படைப்பு’ (1981) என்று மூன்று நாவலும் நாஞ்சில் நாட்டு வயலையும் வாய்க்காலையும் விட்டு நகராதவை. பம்பாய் உள்ளே வர 1986இல் ‘மிதவை’ வரை ஆயிற்று. ‘சதுரங்கக் குதிரை’ 1993இல், ‘எட்டுத்திக்கும் மதயானை’ 1998இல். அதற்குள் மனிதர் கோயம்புத்தூர்வாசி ஆகிவிட்டார்.

‘மிதவை’ ஒன்றைத் தள்ளிவைத்தால் கணக்கு சரியாகவே இருக்கிறது: இங்கே இருந்தபோது ஊர், இங்கிருந்து போனபின் பம்பாய்.

அவர் நினைவு கண்ணைவிட நாக்கில்தான் அதிகம் இருக்கிறது என்பேன். தீயலும் புளிக்கறியும் சம்பா அரிசிச் சோறும் அவர் பக்கங்களில் மணக்கும்போது, மெஸ் சாப்பாட்டில் காலம் தள்ளியவனின் ஏக்கம் அடியில் கிடக்கும். கூடவே பசியும் வரும். பந்தியில் உட்கார்ந்தவனின் இலையை வேண்டுமென்றே தாண்டிப் போகும் குரூரத்தை ‘இடலாக்குடி ராசா’ சிறுகதையில் படித்துவிட்டு, அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆய்வு செய்துவிட்டு நாவலுக்கு உட்காருவது பலர் வழக்கம். இவரிடம் அதுவும் தலைகீழ்தான். ‘நாஞ்சில் நாட்டு வெள்ளாளர் வாழ்க்கை’ என்ற ஆய்வு நூல் வந்தது 2003இல், ஆறு நாவல்களுக்கும் பிறகு. அந்தத் தகவல்களில் எத்தனையோ அதற்குமுன்பே கதாபாத்திரங்களின் வீட்டுக்குள் புழங்கியவை.

நினைவும் தகவலும் மட்டும் போதுமென்றால் ஊர்ப் பெரியவர்கள் எல்லோரும் நாவலாசிரியர்கள் ஆகியிருப்பார்கள். ‘எட்டுத்திக்கும் மதயானை’யின் பூதலிங்கத்தைப் பாருங்கள். வைக்கோல் படப்புக்குத் தீ வைத்துவிட்டு ஊரைவிட்டு ஓடியவன், ரயிலில் சரக்குக் கடத்துகிறவன். எழுதியவரோ சம்பளக்காரர், டிக்கெட் எடுத்து ரயிலேறியவர். தண்டவாளமும் ஸ்டேஷன்களும் அவர் அறிந்தவை. பெட்டிக்குள் பதுங்கியிருப்பவன் மட்டும் வேறு ஆள். சதுரங்கத்தில் குதிரை இரண்டு கட்டம் நேரே போய், ஒரு கட்டம் பக்கவாட்டில் ஒதுங்குமே, அந்த ஒதுங்கல்தான் கற்பனை.

என்னைக் கேட்டால் ‘சதுரங்கக் குதிரை’தான் உச்சம். கல்யாணமாகாமலே வயது ஏறிப்போகும் நாராயணனைப் போன்றவர்களை மாட்டுங்காவிலும் செம்பூரிலும் நான் நிறையப் பார்த்திருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமையை என்ன செய்வதென்று தெரியாமல் நடப்பவர்களை. தாராவித் தமிழனின் உள்வீட்டுக் கதை மட்டும் இவர் பேனாவுக்கு அவ்வளவாக வசப்படவில்லை என்று எனக்கு ஒரு குறை உண்டு. அதை எழுத எனக்கும் ஆசைதான். என்ன செய்வது, தாராவி 90 அடி ரோட்டில் இருக்கும் என் கோலியை, அந்த ஒற்றை அறையை, நான் இன்னும் காலி செய்யவில்லை.