பாயிர மரபும் உரைநடைத் தொடக்கமும்: கல்கி, புதுமைப்பித்தனை முன்வைத்து ஒரு மதிப்பீடு

ஆய்வுச் சுருக்கம்

ஒரு கதையோ கட்டுரையோ தன் முதற்பத்தியில் வாசகரை எவ்வாறு உள்ளே அழைத்துச் செல்கிறது என்பதை நன்னூலின் பாயிர இலக்கணத்தைத் துணைக்கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. கல்கி, புதுமைப்பித்தன் ஆகியோரின் இரண்டு தொடக்கங்கள் ஒப்பிடப்படுகின்றன. இன்றைய ஆய்வுக்கட்டுரைகளின் ‘முன்னுரை’ பாயிரத்தின் இடத்தை எடுத்துக்கொண்டு அதன் பணியைக் கைவிட்டுவிட்டது என்பது இதன் துணிபு.

திறவுச் சொற்கள்: பாயிரம், நன்னூல், முன்னுரை, கேட்போர், கல்கி, புதுமைப்பித்தன்

பாயிரத்தின் பணி

பவணந்தியார் நன்னூலை எழுத்தின் இலக்கணத்தோடு தொடங்கவில்லை. பாயிரம் என்பது யாது, அதை யார் செய்தல் வேண்டும், அதில் எவை இடம்பெற வேண்டும் என்று விரிவாக உரைத்த பின்னரே எழுத்ததிகாரத்திற்குள் நுழைகிறார். பாயிரத்திற்கு அவர் சுட்டும் ஏழு பெயர்களுள் முகவுரையும் அணிந்துரையும் இன்றும் வழக்கில் உள்ளன. நூல் எத்துணை விரிந்ததாயினும் பாயிரம் இல்லையேல் அது நூலாகாது என்பது அவர் முடிபு.

பாயிரத்தின் இன்றியமையாமையை விளக்க அவர் மூன்று உவமைகளைக் கையாள்கிறார்: மாடத்திற்கு ஓவியம், நகரத்திற்குக் கோபுரம், மகளிர்க்கு அணிகலன். மூன்றையும் அழகு என்னும் ஒரே பொருளில் அடக்கிவிடுதல் எளிது. ஆயினும் கோபுரம் மற்ற இரண்டினின்றும் வேறுபட்டது. ஓவியமும் அணியும் அருகில் வந்தவர் கண்டு மகிழ்வதற்குரியவை. கோபுரமோ இன்னும் ஊரை வந்தடையாதவருக்குத் திசை காட்டுவது. பாயிரம் கேளாது நூல் கேட்பவன் குன்றில் மோதிய குருவியைப் போலவும், குறிச்சிக்குள் புகுந்த விலங்கைப் போலவும் இடர்ப்படுவான் என்று பழைய உரைகள் கூறும். இவ்விரு உவமைகளிலும் அழகு என்ற பேச்சே இல்லை. வழி தெரியாமல் திகைத்தலே அவற்றின் பொருள். கவர்ச்சியான தொடக்கம் என்று இன்று பேசப்படுவது ஓவியத்தையும் அணியையும் மட்டுமே எடுத்துக்கொண்டு கோபுரத்தை விட்டுவிடுகிறது.

சிறப்புப்பாயிரம் உணர்த்த வேண்டியவற்றுள் நூலின் பெயர், நுதலிய பொருள், பயன் ஆகியவற்றோடு ‘கேட்போர்’ என்பதும் ஒன்று. இந்நூல் யாருக்கு உரியது என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும் என்று இலக்கணம் விதித்திருக்கிறது. காலம், களம், காரணம் ஆகியவற்றையும் சேர்த்துப் பதினொன்றாகக் கொள்வோரும் உளர். இத்தனையும் உரைக்க வேண்டியவர் நூலாசிரியர் அல்லர். அவருடைய ஆசிரியர், உடன் பயின்றவர், மாணாக்கர், உரைகாரர் ஆகியோருள் ஒருவரே. தொல்காப்பியத்திற்குச் சிறப்புப்பாயிரம் செய்த பனம்பாரனாரை உடன் பயின்றவர் என்றே மரபு கொள்கிறது. எல்லாம் கற்றவராயினும் தம்மைத் தாமே புகழ்தல் தகாது என்பது இதன் காரணம்.

இவ்விதிக்கு நன்னூல் நான்கு விலக்குகள் தருகிறது. அரசவைக்கு ஓலை விடுக்கும்போது, அவையில் வாதிட்டு வெல்லும்போது, மாற்றார் பழிக்கும்போது என மூன்று. தம் ஆற்றலை அறியாதவரிடையே இருக்கும்போது என்பது மற்றொன்று. அச்சு ஊடகத்தில் எழுதத் தொடங்கியவர் அனைவரும் இந்த ஒரு விலக்கிற்குள்ளேயே வாழ வேண்டியவராயினர். இதழைக் கையில் எடுப்பவருக்கு எழுதியவரைத் தெரியாது. உடன் பயின்றவர் யாரும் அருகிலிருந்து சான்று பகரவும் இயலாது. மாணாக்கன் ஆசிரியர் முன்னிலையிலிருந்து எழுந்து போக முடியாதவன். இதழ் வாசகர் பக்கத்தைப் புரட்டிவிடுவார். பாயிர இலக்கணம் எதிர்பாராத சூழல் இது. 1879இல் வெளிவந்த பிரதாப முதலியார் சரித்திரத்திற்கு மாயூரம் வேதநாயகம் பிள்ளை தாமே முன்னுரை எழுதித் தமிழில் உரைநடை நூல்கள் இல்லாக் குறையைச் சுட்டியதை இம்மாற்றத்தின் தொடக்கநிலைச் சான்றாகக் கொள்ளலாம். அங்கும் முன்னுரை கதைக்கு வெளியே தனியாகவே நின்றது. அது கதைக்குள் கரைந்ததற்கு இரண்டு சான்றுகள் பின்வருவன.

இரண்டு தொடக்கங்கள்

பொன்னியின் செல்வன் 1950இல் கல்கி இதழில் தொடராக வரத் தொடங்கியது. கற்பனை என்னும் படகில் ஏறிக் காலவெள்ளத்தில் பின்னோக்கிச் செல்ல ஆசிரியர் வாசகரை நேராக அழைக்கிறார். அடுத்து வீரநாராயண ஏரிக்கரை, ஆடிப்பெருக்கு, குதிரை மீது வந்தியத்தேவன். காலமும் களமும் கேட்போரும் முதற்பக்கத்திலேயே தரப்பட்டுவிடுகின்றன. கம்பராமாயணக் காண்டங்களுள் முதலாவது ஆற்றுப்படலத்தோடு தொடங்குவதை அறிந்த வாசகருக்கு நீர்ப்பெருக்கிலிருந்து கதை புறப்படுவது புதிதன்று. புதியது ஆசிரியர் தாமும் படகில் ஏறிக்கொள்வதே. உடன் பயின்றவர் பாயிரம் சொல்லுதல் என்ற பழைய ஏற்பாட்டில், கல்கி வாசகரையே உடன் பயணிப்பவராக ஆக்கிக்கொள்கிறார். அழைப்பின் மொழி இன்று சற்று மிகையாகத் தோன்றலாம். ஆயினும் வாரந்தோறும் காத்திருக்க வேண்டிய வாசகரை நோக்கிய பேச்சு அது. அதை நூல்வடிவில் ஒரே மூச்சில் படிப்பவரின் அளவுகோலால் அளத்தல் பொருந்தாது.

புதுமைப்பித்தனின் ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ அழைப்பு எதையும் விடுப்பதில்லை. சென்னையில் பிராட்வேயும் எஸ்பிளனேடும் கூடும் முனையில் கந்தசாமிப் பிள்ளை நின்றுகொண்டிருக்கிறார். ஊர்ப்பெயரும் தலைப்பெழுத்துகளும் சேர்ந்த முழுப்பெயருடன் அறிமுகமாகும் அவர் ஆழ்ந்து சிந்திப்பது டிராமில் போவதா, பஸ்ஸில் போவதா, நடந்து சில்லறையை மிச்சப்படுத்துவதா என்பதை. மேம்போக்காக இது நகைச்சுவை. ஆனால் கடவுள் வந்து முதலில் கேட்பது திருவல்லிக்கேணிக்கு வழி. பிள்ளை சற்றுமுன் போட்ட கணக்கே விடையாகிறது. பின்னர் காப்பிக்கடைப் பணம், நூறு ரூபாய்த் தாள், பத்திரிகையின் ஆயுள் சந்தா என்று கதை முழுவதும் கடவுள் காசின் அளவையால் அளக்கப்படுகிறார். முதற்பத்தியில் நுதலிய பொருள் சொல்லப்படவில்லை; செய்து காட்டப்பட்டிருக்கிறது. அப்பத்தியை வேறொரு கதைக்கு மாற்றினால் கதையும் சிதையும், பத்தியும் பொருளிழக்கும்.

ஆய்வுக்கட்டுரையின் முன்னுரை

இந்த இடமாற்றச் சோதனையை இன்றைய ஆய்வுக்கட்டுரைகளுக்குப் பொருத்திப் பார்த்தல் வேண்டும். இலக்கியம் காலத்தின் கண்ணாடி என்று தொடங்கும் முன்னுரையைப் புறநானூற்றுக் கொடை பற்றிய கட்டுரையிலிருந்து எடுத்துத் தலித் நாவல் பற்றிய கட்டுரையின் தலைப்பில் ஒட்டலாம். ஒரு சொல்லும் மாற்ற வேண்டியதில்லை. தமிழின் தொன்மையைப் போற்றும் முதல்வரியும் இத்தகையதே. பள்ளிக் கட்டுரைப் பயிற்சியில் முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று வகுத்துக்கொண்ட சட்டகம் முனைவர்பட்ட நிலை வரை அப்படியே தொடர்கிறது. அங்கே முன்னுரை என்பது மதிப்பெண்ணுக்குரிய ஓர் உறுப்பு. அதைப் படிப்பவர் விடைத்தாள் திருத்துபவர் ஒருவரே. எழுந்து போக முடியாத வாசகர் அவர். ஆய்விதழின் வாசகர் அத்தகையவரல்லர் என்பது பெரும்பாலும் மறக்கப்படுகிறது. நல்ல தரவுகளும் நுட்பமான வாசிப்பும் கொண்ட கட்டுரைகள் இரண்டாம் பத்தியைத் தாண்டிப் படிக்கப்படாமல் கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

முறையியல் விளக்கம் முதலில் வர வேண்டும், ஆய்வுக்கட்டுரை கதையன்று என்ற மறுப்பு எழக்கூடும். அம்மறுப்பில் பாதி உண்மை உண்டு. ஆனால் நுதலிய பொருளையும் பயனையும் உரைக்கும் பணியை இன்று ஆய்வுச் சுருக்கமே செய்துவிடுகிறது. கேட்போரைத் திறவுச் சொற்கள் ஓரளவு சுட்டுகின்றன. அவற்றையே மீண்டும் விரித்துரைக்கும் முன்னுரைக்கு வேலை எஞ்சவில்லை. அவ்விடத்தில் சான்றே முதலில் வரலாம். சங்ககால நட்பைப் பற்றிய கட்டுரை, நட்பு மனித வாழ்விற்கு இன்றியமையாதது என்று தொடங்க வேண்டியதில்லை. வடக்கிருந்த கோப்பெருஞ்சோழன், தான் நேரில் கண்டறியாத பிசிராந்தையாருக்குத் தன்னருகே இடம் ஒதுக்கச் சொன்ன செய்தி புறநானூற்றிலேயே இருக்கிறது. அந்த ஒதுக்கப்பட்ட இடத்திலிருந்து கட்டுரை தொடங்குமாயின், அவர் வருவாரா, வராதவருக்கு இடம் ஒதுக்கியதை உடனிருந்தோர் எவ்வாறு கொண்டனர், காணாத நட்பிற்கு அக்காலச் சமூகம் என்ன பெயர் வைத்திருந்தது என்னும் வினாக்கள் தாமே எழும். அவற்றுள் மூன்றாவது வினா ஆய்வு வினா; கட்டுரை அதைப் பற்றிக்கொண்டு மேலே செல்லலாம்.