உரியவர் அகப்படாத கவிதைகள்

சி. சு. செல்லப்பாவின் 'எழுத்து' 1959இலிருந்து 1970வரை வந்தது. அதையும் அதன் பின்வந்த சிறுபத்திரிகைகளையும் கணினியில் ஏற்றுவது பற்றி உற்சாகமாகப் பேசுகிறார்கள். நல்லது. ஆனால் ஒன்றிரண்டு கவிதைகளோடு எழுத்தை விட்டுப்போனவர்களிடம் யார் போய் அனுமதி கேட்பது?

1949இல் சென்னை அரசு பாரதியின் உரிமையை ஏற்றதிலிருந்து நாட்டுடைமை என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. அது பெயர் பெற்றவர்களுக்கு. ஒற்றைக் கவிதைக்காரர் எந்தப் பட்டியலிலும் வரமாட்டார்.

1957ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தின் கணக்கோ விசித்திரமானது. 1970இல் புனைபெயரில் வந்த கவிதை, எழுதியவர் முறைப்படி வெளிப்படாத பட்சத்தில், 2030 முடிந்ததும் பொதுச்சொத்து. சொந்தப் பெயரில் எழுதியவருக்கு மரணத்திலிருந்து 60 வருஷம். இருக்கிறாரா, போய்விட்டாரா என்றே தெரியாதவருக்கு எதிலிருந்து எண்ணுவது? முகத்தை மறைத்துக்கொண்டவரின் கவிதை தப்பித்துவிடுகிறது. பெயர் போட்டவருடையது மாட்டிக்கொள்கிறது.

வழி இல்லாமலில்லை. 1983இல் அச்சாகாத படைப்புகளுக்கென்று வந்த 31ஏ பிரிவு, 2012இல் அச்சானவற்றுக்கும் நீண்டது. உரியவர் அகப்படாவிட்டால் லைசென்ஸ் கேட்கலாம். ராயல்டியை அரசுக் கணக்கில் கட்டவேண்டும். அதற்குமுன் ஒரு விளம்பரம்: தேசத்தின் பெரும்பகுதியில் விற்பனையாகும் ஆங்கில தினசரியில். மொழிபெயர்ப்பதானால் மட்டும் அந்த மொழி தினசரியிலும். ஆக, தமிழ்க் கவிதையைத் தமிழிலேயே வெளியிடத் தமிழில் அறிவிக்கவேண்டியதில்லை. சில நூறு பிரதிகள் போன பத்திரிகையில் எழுதியவரைத் தேடும் லட்சணம் இது. ஒரு வரி சேர்க்க 2012இல் டில்லிக்கு வாய்ப்பிருந்தது, சேர்க்கவில்லை.