மெருகும் அழிப்பும்: பழைய கைக்கடிகாரக் கூடு பற்றி ஒரு குறிப்பு

அப்பா இறந்தபின் அவருடைய கைக்கடிகாரத்தைப் பழுதுபார்க்கக் கொடுத்தேன். திரும்பி வந்தபோது ஓடியது, கூடவே பளபளத்தது. 'பாலிஷும் போட்டுட்டேன் சார், அதுக்குக் காசு வேணாம்' என்றார் கடைக்காரர். பட்டை மாட்டும் கொம்பு ஒன்றில், அப்பா சைக்கிளிலிருந்து விழுந்த நாளின் வெட்டு இருக்கும். அது இல்லை. நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன். ஏன் கோபம் வந்தது என்று எனக்கே விளங்கவில்லை. அந்தக் கோபத்தைப் பரிசீலிப்பதே இக்குறிப்பு.

மெருகு எதையும் சேர்ப்பதில்லை, கழிக்கிறது. கீறலை நிரப்ப அதனால் முடியாது. கீறலின் ஆழம்வரை சுற்றியுள்ள உலோகத்தைத் தேய்த்து இறக்கத்தான் முடியும். துணிச்சக்கரம் மிருதுவானது, விளிம்பைக் கண்டால் வளைந்து தழுவிக்கொள்ளும். எனவே முதலில் போவது கூர்மை. அப்புறம் கொம்புகள் மெலியும், தங்கக் கூட்டின் முத்திரை மங்கும், முலாம் பூசியதென்றால் பித்தளை எட்டிப்பார்க்கும்.

வியன்னாவின் கலை வரலாற்றாளர் அலோய்ஸ் ரீகல் 1903இல் நினைவுச்சின்னங்களை முன்வைத்துப் 'பழமை மதிப்பு', 'புதுமை மதிப்பு' என்ற இரண்டைப் பிரித்துக் காட்டினார். ஒன்று காலத்தின் தேய்மானத்தைக் கொண்டாடும், மற்றது அதை அழிக்கச் சொல்லும். கடைக்காரர் புதுமையின் பக்கம், நான் பழமையின் பக்கம். நான் நிற்பதே உயர்ந்த பக்கம் என்று நினைத்துக்கொள்வது சுலபம். சந்தேகம் அங்கேதான் தொடங்குகிறது. ஏனெனில் பழமை மதிப்பை இன்று அதிகம் உச்சரிப்பது ஏலச்சந்தை. நடிகர் பால் நியூமனின் ரோலக்ஸ் டேடோனா 2017இல் நியூயார்க்கில் ஒரு கோடியே 77 லட்சம் டாலருக்கு மேல் போனது. அதன் பின்மூடியில், வண்டியைப் பார்த்து ஓட்டச் சொல்லி மனைவி பொறித்துத் தந்த வாசகம். விலைபோனது எஃகா, அந்தச் சுவடா?

இன்னொரு சிக்கல். சந்தை போற்றும் 'மெருகிடப்படாத கூடு' என்ற ஒன்று உண்மையில் கிடையாது. 1967இல் வந்த கிராண்ட் சீகோ 44ஜிஎஸ்ஸின் கண்ணாடி போன்ற தட்டைப் பரப்புகளும் கத்தி விளிம்புகளும் தேய்த்துத்தான் உருவானவை. ஆக, கூட்டை எழுதியதும் மெருகு, அழிப்பதும் மெருகு. ஆலைத் தொழிலாளியின் தேய்ப்பு 'மூலம்', தெருக்கடைக்காரரின் தேய்ப்பு 'சேதம்' என்றால், வேறுபாடு உலோகத்தில் மட்டும் இல்லை. யாருடைய கை என்பதிலும் இருக்கிறது. மூலத்துக்கான வேட்கை ஒருபடி மேலே போய், லேசரால் உலோகம் ஒட்டி, இழந்த விளிம்பை மறுபடி செதுக்கித் தருகிறது. நேர்மையின் நகல்!

அதற்காக எல்லாம் ஒன்றுதான் என்று சொல்லித் தப்பிக்கவும் எனக்கு மனமில்லை. கீறல் ஒரு சாட்சி. புதிதாக உலோகம் ஒட்டலாம், அந்த வெட்டை ஒட்ட முடியாது. கடைக்காரரின் பிழை மெருகிட்டதல்ல, கேட்காமல் செய்தது. அப்பாவைக் கேட்டிருந்தால் 'பளபளன்னு இருக்கட்டுமே' என்றுதான் சொல்லியிருப்பார். ஞாயிறுதோறும் வேட்டி நுனியால் அதைத் துடைத்துக்கொண்டிருந்தவர் அவர். அந்த வெட்டு அவருக்கு வெறும் வெட்டுதான். அதைச் சாட்சியாக வாசித்தவன் நான். இழப்பும் என்னுடையதே.