நகை பிறவாத மேடை

மெய்ப்பாடுகள் எட்டனுள் நகையையே முதற்கண் வைத்தார் தொல்காப்பியனார். வடமொழியில் நாட்டிய நூல் செய்த பரதரோ காதற்சுவையை முன் நிறுத்தி, நகைச்சுவையை அதன் பின் வைத்தார். இவ்வரிசை வேற்றுமைக்குப் பெரும்பொருள் கற்பிக்க நாம் முற்படவில்லை. அது புலவர்களின் வேலை. ஆயினும் தமிழில் முதலிடம் பெற்ற அந்தச் சுவையே மேடையில் மிக எளிதாகத் தவறிப் போவது ஏன் என்னும் வினா நெடுநாளாக நம்மை அரித்து வந்திருக்கிறது. அழுகைக் காட்சி தோற்றால் அவையோர் வாளா இருப்பர்; அது தோற்றதென்பதே பலருக்குத் தெரியாது. நகைச்சுவை தோற்றாலோ அந்த அமைதி அரங்கம் முழுவதும் கேட்கும்.

சில ஆண்டுகளுக்கு முன் இத்திருவனந்தபுரத்தில் நடந்த ஒரு தமிழ் விழாவில் அத்தகைய அமைதியை நாம் கேட்டோம். தமிழ்நாட்டிலிருந்து நகைச்சுவைப் பேச்சாளர் ஒருவரை அழைத்திருந்தனர். தொலைக்காட்சியில் பலமுறை தோன்றியவர், இளைஞர், பெயர் இங்கு வேண்டியதில்லை. அழைப்பிதழில் மாலை ஆறு மணி என்று அச்சிட்டிருந்தது. வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரைகள், பொன்னாடைகள், பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்ற பிள்ளைகளுக்குப் பரிசு என எல்லாம் முடிந்து அவர் கையில் ஒலிபெருக்கி வந்தபோது மணி எட்டேகால்.

அவருடைய முதல் வாக்கியம் நன்றாகவே இருந்தது. "மாலை உண்டு என்று சொல்லித்தான் அழைத்தார்கள், வந்து பார்த்தால் இங்கே இரவுதான் இருக்கிறது" என்றார். அந்த நேரத்திலேயே பிறந்த சிலேடை அது. நம்மை ஒத்த வயதினரும் மூத்தோரும் நகைத்தனர். பின்வரிசையில் இருந்த பிள்ளைகள் அசையவில்லை. அருகில் இருந்த நம் இளைய மகள் நம் சட்டையைப் பிடித்திழுத்து, "மாலைன்னா கழுத்துல இடறது தானே, அப்பா? அதுக்கு ஏன் எல்லாரும் சிரிச்சா?" என்று கேட்டாள். மலையாளத்தில் மாலை கழுத்துக்கு மட்டுமே உரியது. பொழுது அங்கே வைகுந்நேரம். நாம் விளக்கி முடிப்பதற்குள் பேச்சாளர் நான்கு துணுக்குகளைக் கடந்து சென்றிருந்தார். அந்த நான்கையும் நாமும் இழந்தோம். இழப்புப் பெரிதன்று என்பது பின்னர் தெரிந்தது.

அடுத்து அவர் வெள்ளத்துக்கு வந்தார். சாயாக்கடையில் "வெள்ளம் வேணோ?" என்று கேட்டார்களாம், இவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேசைமேல் ஏறி நின்றாராம். தமிழில் பெருக்கும் மலையாளத்தில் குடிநீரும் ஒரே சொல் என்பதை இந்நகரில் குடியேறிய ஒவ்வொரு குடும்பமும் முதல் வாரத்திலேயே கண்டுபிடித்து, முதல் மாதத்திலேயே சிரித்துத் தீர்த்து விடுகிறது. சாலைக் கடைத்தெருவில் தாத்தா காலத்தில் கடை வைத்த குடும்பங்களுக்கு இந்தத் துணுக்கின் வயது மூன்று தலைமுறை. பிறகு அவர் மலையாளிகள் தமிழ் பேசும் முறையை மூக்கால் பேசிக் காட்டத் தொடங்கினார். நம் வரிசையில் நம்முடன் வந்திருந்த அண்டை வீட்டு மலையாளக் குடும்பம் அமர்ந்திருந்தது. ஓணத்துக்கு நமக்கு இலை போடுகிறவர்கள்; பொங்கலுக்கு நாம் அழைத்து வந்தவர்கள். அவர்கள் மரியாதைக்குப் புன்னகை செய்தார்கள். நாம் தரையைப் பார்த்துக் கொண்டிருந்தோம். "என்ன, கைதட்டவே மாட்டேங்கறீங்க?" என்று அவர் கேட்டதும் சிலர் தட்டினர். கேட்டு வாங்கிய கைதட்டலுக்குப் பின் அரங்கம் முன்னிலும் குளிர்ந்தது. இன்னும் நாற்பது நிமிடம் மீதியிருந்தது.

மறுநாள் அலுவலகச் சிற்றுண்டிச் சாலையில் தீர்ப்பு ஒரே சொல்லில் வழங்கப்பட்டது: ஆள் சரியில்லை. எளிய தீர்ப்புதான். கோப்பை மூடிவிடலாம். ஆனால் அதே இளைஞர் தொலைக்காட்சியில் நகைக்க வைத்ததை நாமே கண்டிருக்கிறோம். எனவே கோப்பைச் சற்றே திறந்து வைக்க விரும்புகிறோம்.

முதலில் இடத்தைச் சொல்ல வேண்டும். அறுநூறு இருக்கைகள் உள்ள மண்டபத்தில் நூற்றைம்பது பேர் சிதறி அமர்ந்திருந்தோம். முன்வரிசை சிறப்பு விருந்தினர்க்கு ஒதுக்கப்பட்டுப் பாதி வெறுமையாகக் கிடந்தது. மீதிப் பாதியில் இருந்தவர்கள் பதவியின் பொருட்டு நகைக்காதவர்கள். அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் புரோவைன் மனிதர் நகைக்கும் வேளைகளைக் கணக்கெடுத்து, தனித்திருக்கும்போது நகைப்பதைவிடப் பிறருடன் இருக்கும்போது ஏறத்தாழ 30 மடங்கு மிகுதியாக நகைக்கிறோம் என்று எழுதினார். நகை ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பற்றுவது. இடையே நான்கு வெற்று நாற்காலிகள் இருந்தால் அது தாவ இயலாமல் அவிந்து விடும். தொலைக்காட்சியில் இந்த இடர் இல்லை. அங்கே ஐந்து நிமிடம் பேசினால் போதும். விழுந்த துணுக்கை வெட்டி எறியலாம். நடுவர் ஒருவர் நாற்காலியிலிருந்து சரிந்து விழுந்து நகைப்பதைக் காட்டலாம். 2005 முதல் 'கலக்கப்போவது யாரு' போன்ற நிகழ்ச்சிகள் பல இளைஞர்களுக்கு வாழ்வு தந்தன என்பதில் ஐயமில்லை. ஆனால் ஐந்து நிமிடத்துக்குப் பழகிய மூச்சு ஐம்பது நிமிட மேடையில் திணறுவதை நாம் மீண்டும் மீண்டும் காண்கிறோம்.

இடத்தினும் பெரியது உறவு. பிரெஞ்சு அறிஞர் ஹென்றி பெர்க்சன் 1900-ல் நகைப்பைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அதில் ஒரு சிறு நிகழ்ச்சியைக் கூறுகிறார். தேவாலயத்தில் மறையுரை கேட்டு எல்லாரும் கண்ணீர் வடிக்கையில் ஒருவன் மட்டும் அழாமல் இருந்தானாம். காரணம் கேட்டபோது, தான் அந்தப் பங்கைச் சேர்ந்தவன் அல்லன் என்றானாம். அழுகையைவிட நகைப்புக்கே இது பொருந்தும் என்பது பெர்க்சன் கருத்து. அன்று நம் மண்டபத்தில் இருந்தவர்கள் யாருடைய பங்கு? நாகர்கோவிலிலிருந்தும் நெல்லையிலிருந்தும் வந்தவர்கள், பாலக்காட்டுத் தமிழர், கரமனை அக்கிரகாரத்தில் பிறந்து வளர்ந்தவர்கள், நம்மைப் போல் பணிநியமன ஆணையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து இறங்கியவர்கள். பேச்சாளர் இவர்களைச் சென்னைக்காரர்களாக எண்ணிப் பேசினார். இடையிடையே கேரளத்தை வேடிக்கை பார்க்க வந்த பயணிகளாக எண்ணினார். இரண்டும் நாம் அல்லோம்.

இவ்விடத்தில் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1908-ல் நாகர்கோவில் ஒழுகினசேரியில் பிறந்தவர் அவர். அன்று அது திருவிதாங்கூர்ச் சமஸ்தானம். ஆகவே இந்நகரத்து மன்னரின் குடிமகனாகவே கலைவாணர் பிறந்தார் என்று நாம் சிறிது பெருமை கொள்ளலாம். வில்லுப்பாட்டில் பழகி, டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவில் வளர்ந்தவர். வில்லுப்பாட்டின் அமைப்பை நோக்குக: தலைமைப் பாடகர் ஒன்று சொன்னால் துணைப் பாடகர் "ஆமா" என்பார். சில வேளை அந்த "ஆமா"வை இழுத்து ஐயமாகவும் சொல்வார், கேலியாகவும் சொல்வார். அவையில் இருப்பவன் மனத்தில் எழும் மறுமொழியை மேடையிலேயே ஒருவர் சொல்லி விடுகிறார். தனியே நின்று பேசும் இன்றைய நகைச்சுவையாளருக்கு அந்த "ஆமா" இல்லை; அதை அவையிடமிருந்தே பெற வேண்டும். பெறுவதற்கு நிறுத்தத் தெரிய வேண்டும். நம் விருந்தினர் நிறுத்தவே இல்லை. அமைதிக்கு அஞ்சி விரைந்தார்; விரைந்ததனால் அமைதி மிகுந்தது.

கலைவாணரின் 'கிந்தனார்' 1949-ல் வெளிவந்த 'நல்லதம்பி' படத்தில் இடம்பெற்றது. நந்தனார் கதாகாலட்சேபத்தின் அச்சிலேயே வார்த்தது அது. நந்தன் சிதம்பரம் போக ஏங்கினான். கிந்தன் படிக்கப் போக ஏங்குகிறான். நந்தனார் சரித்திரத்தை அன்றைய அவையோர் நெஞ்சில் வைத்திருந்தனர். எனவே ஒவ்வொரு திருப்பத்திலும் பழையது காதில் ஒலிக்க, புதியது கண்முன் நிற்க, இரண்டுக்கும் நடுவே நகை பிறந்தது. அவைக்குத் தெரிந்த ஒன்றின்மேல் ஏறி நின்றே நகைச்சுவை பேச முடியும். அண்மைக் காலத்தில் அலெக்சாண்டர் பாபு தம் மேடை நிகழ்ச்சியைத் தமிழ்த் திரைப்பாடல்களின்மேல் அமைத்ததும், 2019-ல் அது இணையத்தில் வெளிவந்து பல நாட்டுத் தமிழரைச் சென்றடைந்ததும் இக்காரணத்தாலேயே என்று கருதுகிறோம். ஊர் மறந்தவனுக்கும் பாட்டு மறப்பதில்லை.

இனி நம் காலடியிலேயே இருக்கும் சாக்கியார் கூத்துக்கு வருவோம். சேரன் செங்குட்டுவன் முன் பறையூர்க் கூத்தச் சாக்கையன் கொட்டிச்சேதம் ஆடியதைச் சிலம்பின் நடுகற் காதை கூறுகிறது. ஆதலின் இக்கலையில் நமக்கும் உறவுண்டு. இங்கே கோட்டைப் பகுதியில் மார்கியின் சிறிய அரங்கில் நாம் கூத்துக் காணப் போவதுண்டு. விளக்கு, மிழாவு, ஓர் ஆள். அவையோர் கைக்கெட்டும் தூரத்தில். சாக்கியார் வடமொழிச் சுலோகத்தைச் சொல்லி, மலையாளத்தில் விரித்து, புராணப் பாத்திரத்தின் வாயால் முன்னே இருப்பவனைக் குத்துவார். மன்னனையும் குத்தலாம் என்பது மரபு. குத்துப்பட்டவன் வாய் திறக்கலாகாது என்பதும் மரபு. உரிமை இவ்வளவு பெரிதாயினும் அது கதைக்குள்ளிருந்தே வருகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். நாம் கண்ட சாக்கியார் எவரும் தாம் சொன்னதற்குத் தாமே நகைத்ததில்லை. கூடியாட்டத்து விதூஷகன் அறம் பொருள் இன்பம் வீடு என்னும் நான்குக்கும் மாற்றாக வினோதம், வஞ்சனம், அசனம், ராஜசேவை என நான்கு புருஷார்த்தங்களை நாட்டுவான். ராஜசேவை வந்தபோது, இருபதாண்டு மத்திய அரசுப் பணியில் கழித்த நாம் சற்று உரக்கவே நகைத்து விட்டோம். மற்றப் பாத்திரங்களைப் போலன்றி விதூஷகன் மக்கள் மொழியாகிய மலையாளத்திலும் பேசுகிறான் என்பதும் எண்ணத்தக்கது. வீட்டில் புழங்காத மொழியில் வியக்கலாம், வணங்கலாம், நகைப்பது கடினம்.

தொல்காப்பியனார் நகை பிறப்பதற்கு எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகிய நான்கு நிலைக்களன்களைக் காட்டினார். உரைகண்ட பேராசிரியர் எள்ளலை இரண்டாகப் பகுப்பார்: தான் பிறரை எள்ளி நகுவது ஒன்று; பிறர் தன்னை எள்ளத் தான் நகுவது மற்றொன்று. நம் விருந்தினர் முதல் வகை ஒன்றையே அறிந்திருந்தார். மேடையில் அவர் எப்போதும் வென்றவர். சாயாக்கடைக்காரர் எப்போதும் தோற்றவர்.

இதற்கு மாறான எடுத்துக்காட்டு ஒன்று நம் வீடுகளுக்கு மிக நெருக்கமானது. 1990-ல் வந்த 'மைக்கேல் மதன காமராஜன்' படத்தில் கிரேசி மோகன் எழுதிய பாலக்காட்டுச் சமையற்காரன் காமேஸ்வரன். அவன் பேச்சும் கேலிக்குரியதாகவே காட்டப்படுகிறது. ஆயினும் பாலக்காட்டுக் குடும்பங்களே அப்படத்தை முதலில் கொண்டாடின என்பதை நாம் நேரில் அறிவோம். சாம்பாரில் மீன் விழுந்த இக்கட்டில் அவன் படும் பாடு பேதைமையில் பிறந்த நகை; அவனை நகைத்தபடியே அவன் தப்ப வேண்டுமென்று நெஞ்சு துடிக்கிறது. அவனுடைய மலையாள வாடை அவன் சட்டை போன்றது. குற்றப் பத்திரிகை அன்று. மேடையில் மூக்கால் பேசிக் காட்டிய போது அந்தச் சாயாக்கடைக்காரருக்குப் பெயரும் இல்லை, கவலையும் இல்லை, வாடை மட்டுமே இருந்தது.

பேச்சாளரை இவ்வளவு அளந்தபின் நம்மையும் அளக்க வேண்டும். அவர் சொன்னவற்றுள் ஒன்றேனும் நல்லது என்றோமே, அந்த ஒன்றில் அவர் தோற்கவில்லை. தோற்றது நம் வீடு. மாலை என்னும் சொல்லின் பாதியை நம் மகளுக்கு நாம் கொடுக்கவில்லை. வீட்டில் "சாயங்காலம்" என்கிறோம், அலுவலகத்தில் "வைகிட்டு" என்கிறோம். மாலை அழைப்பிதழோடு நின்று விட்டது. பிள்ளைகள் தமிழ் பேசுகிறார்கள் என்று நாம் மகிழ்கிறோம். கறிக்கு உப்புக் கேட்கவும் சண்டை போடவும் அவர்களுக்குத் தமிழ் போதும். ஒரு சொல் இரண்டு பக்கம் திரும்பும்போது உடன் திரும்ப அவர்களால் முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் நாம் அவர்களைத் திருக்குறள் ஒப்பிக்கச் செய்கிறோம், விடுகதை கேட்பதில்லை. நம் பாட்டி விளக்கு வைத்தபின் விடுகதை அன்றி வேறொன்றும் நமக்குக் கற்பித்ததாக நினைவில்லை. அன்று அந்தச் சிலேடைக்கு நகைத்தவர்களில் நாற்பது வயதுக்குக் குறைந்தவர் எத்தனை பேர் என்று விழாக்குழுவில் யாரும் கேட்கவில்லை. கைதட்டல் போதவில்லை என்றே குறிப்பு எழுதினர்.

நிகழ்ச்சி முடிந்து அவரைத் தம்பானூர் ரயில் நிலையத்தில் ஏற்றிவிடும் பொறுப்பு நமக்கு வந்தது. வண்டி தாமதம். இருவரும் நடைமேடையில் சாயா வாங்கிக் குடித்தோம். நெடுநேரம் பேசாமல் இருந்தவர், தம் தந்தை முதன்முதலாகத் தம் நிகழ்ச்சியைப் பார்க்க வந்த கதையைச் சொன்னார். முடிந்ததும் தந்தை, "இதுக்கெல்லாம் காசு குடுக்கறாங்களாடா?" என்று கேட்டாராம். ஆமாம் என்றதும், "நீ பேசாம இருக்கறதுக்கு நான் இருபது வருஷமா குடுத்துட்டு இருந்தேனே" என்றாராம். நமக்குச் சாயா புரையேறியது. பக்கத்தில் மூட்டைமேல் அமர்ந்திருந்த சுமைதூக்கும் தொழிலாளி ஒருவரும் உடன் நகைத்தார், அவர் மலையாளி. இதை ஏன் மேடையில் சொல்லவில்லை என்று கேட்டோம். "அது நம்ம வீட்டுக் கதை சார். மேடைக்கு எடுபடுமா?" என்றார் அவர். அதற்குள் வண்டி வந்து விட்டது.