‘மாநகரம்’: பிழையும் ஊழும்

ஊருக்குப் புதியவன் ஒருவன், தான் செய்யாத ஒன்றுக்காகத் துன்புறும் கதை தமிழர்க்குப் புதியதன்று. புகாரிலிருந்து மதுரைக்கு வந்த கோவலன் கள்வனெனக் கருதப்பட்டு வெட்டுண்டான். அறிமுகம் இல்லாத நகரில் அவனைக் காப்பாற்றுவார் ஒருவரும் இல்லை. அந்தப் பழைய அச்சத்தையே இந்நாளைய சென்னையில் வைத்துக் காட்டுகிறது, 2017 மார்ச்சுத் திங்களில் வெளிவந்த ‘மாநகரம்’ என்னும் திரைப்படம்.

இதனை இயக்கியவர் லோகேஷ் கனகராஜ். வங்கியில் பணியாற்றியவர், குறும்படத்தின் வழியாகத் திரைத்துறைக்கு வந்தவர். இஃது அவருடைய முதல் முழுநீளப் படம். பெயரைச் சொன்ன அளவில் கூட்டம் திரளும் நடிகர் எவரும் இதில் இல்லை. பெரும் பொருட்செலவும் இல்லை. எனினும் 2023-இல் சந்தோஷ் சிவன் இதனை ‘மும்பைகர்’ என இந்தியில் மீண்டும் எடுத்தார். சிறு முதலீட்டில் உருவான ஒரு சண்டைப் படம் இவ்வளவு தொலைவு சென்றது எதனால் என ஆராய்வது பயனுடையது.

கதை நால்வரைப் பற்றிச் செல்கிறது. வேலை தேடிச் சென்னைக்கு வரும் இளைஞன் ஒருவன், வேறொருவன் என்று எண்ணப்பட்டு அடிபடுகிறான். கல்விச் சான்றிதழ்களையும் இழக்கிறான். சென்னையிலேயே வாழும் மற்றோர் இளைஞன், தன் காதலியாகிய கிரிஜாவின் பொருட்டு வம்பில் சிக்குகிறான். நோயுற்ற மகனின் மருத்துவத்துக்காக நகருக்கு வந்த ஒருவர் வாடகைக் கார் ஓட்டுகிறார். சின்னா என்பவன் முரடனாக வேண்டும் என்னும் ஆசையால் ஆள்கடத்தும் கூட்டத்தில் சேர்ந்து, கடத்த வேண்டிய சிறுவனை விட்டு வேறொரு சிறுவனைக் கொண்டுவந்து விடுகிறான். அச்சிறுவனோ நகரமே அஞ்சும் ஒருவனின் மகன்! இந்நான்கு இழைகளும் ஒன்றையொன்று அறியாமலே பின்னிக்கொள்கின்றன.

படத்தின் முதற்சிறப்பு, நிலத்தையும் பொழுதையும் ஆண்ட திறம். முதற்பொருள் என்பது நிலமும் பொழுதும் என வகுத்தது தொல்காப்பியம். இங்கே நிலம் நகரத் தெரு; பொழுது பெரும்பாலும் இரவு. செல்வம் மிக்க தயாரிப்பாளர் அரங்கம் அமைத்துக் காட்டுவதை, இப்படம் தெருவிளக்கின் ஒளியிலும் வெறிச்சோடிய சாலையிலும் காட்டிவிடுகிறது. கைப்பொருள் குறைந்ததால் கதை தெருவுக்கு வந்தது. தெருவுக்கு வந்ததால் மெய்ம்மை பெற்றது. செலவைச் சுருக்கிச் சிறப்பெய்தும் மரபு தமிழ்த் திரைக்கு முன்பே உண்டு. வீணை எஸ். பாலசந்தர் இயக்கிய ‘அந்த நாள்’ (1954) பாட்டும் ஆடலும் இன்றியே ஒரு கொலையின் மறைபொருளை இறுதிவரை காத்தது.

இரண்டாவது சிறப்பு, இளைஞர் இருவர்க்கும் இயக்குநர் பெயரிடாமை. அகத்திணை மாந்தரைப் பெயர் சுட்டி உரைத்தல் ஆகாது என்பது தொல்காப்பியர் விதி. பெயர் இன்மையால் அகப்பாட்டின் தலைவன் எல்லார்க்கும் உரியவன் ஆகிறான். அவ்வாறே, சான்றிதழ்ப் பையோடு வந்திறங்கும் இவ்விளைஞனும் எந்த ஊர்த் தாயும் தன் மகனென எண்ணத்தக்கவனாக நிற்கிறான்.

மூன்றாவது, நடிப்பு. நகைச்சுவையால் பெயர் பெற்ற சார்லி, இதில் கவலை தோய்ந்த தந்தையாக அடங்கி நடிக்கிறார். சின்னாவாக வரும் ராமதாஸ் சிரிப்பையும் இரக்கத்தையும் ஒருங்கே எழுப்புகிறார். சின்னா செய்யும் பிழை அவனுடைய இயல்பிலிருந்தே பிறக்கிறது. அவன் அறிவும் துணிவும் அவ்வளவே. ஆதலின் அப்பிழையை நாம் ஐயுறாமல் ஏற்கிறோம்.

இவ்விடத்திலேயே படத்தின் குறையும் புலப்படத் தொடங்குகிறது. சின்னாவின் பிழையைப் போல ஏனைய திருப்பங்கள் மாந்தர் இயல்பிலிருந்து பிறக்கவில்லை; பெரும்பாலானவை தற்செயல் நிகழ்ச்சிகள். வேண்டியவர் வேண்டிய நொடியில் வேண்டிய தெருவில் எதிர்ப்படுகின்றனர். ஒரு முறை நேர்ந்தால் வியப்பு; பல முறை நேர்ந்தால் ஆசிரியரின் கை தெரிந்துவிடும்.

கோவலன் கதையை இதனோடு ஒப்பிட்டு நோக்குக. ஊழ் என்று இளங்கோவடிகள் கூறினும், அவ்வூழ் மாந்தர் வழியாகவே நடக்கிறது. பொற்கொல்லன் தன் களவை மறைக்கப் பொய் சொல்கிறான். அரசியின் ஊடலைத் தணிக்க விரையும் பாண்டியன் ஆராயாமல் ஆணையிடுகிறான். கொல்ல வந்தவருள்ளும் இவன் கள்வன் அல்லன் என ஐயுற்றோர் உண்டு. அவர்களிடையே அறிவற்ற ஒருவனின் வாள் முந்துகிறது. ஒவ்வொரு படியிலும் ஒருவன் வேறு செய்திருக்கலாம், செய்யவில்லை. அதனாலேயே கற்போர் நெஞ்சு பதைக்கிறது. தற்செயலால் நேர்ந்த தீங்குக்கு எவரை நோவது? மாநகரத்தார் அயலானுக்கு உதவுவரா என்னும் பெருவினாவைப் படம் எழுப்புகிறது. அதற்கு விடையாகும் சில செயல்களும் அதில் உண்டு; ஆயினும் திருப்பங்களின் விரைவில் அவ்விடை தேய்ந்துபோகிறது.

வேறு இரு குறைகளும் உள. கிரிஜா கல்வியும் பதவியும் உடைய பெண். எனினும் ஆடவர் பகைமைக்குக் காரணமாவதன்றி, கதையைத் தன் கையால் நகர்த்தும் வாய்ப்பு அவளுக்குச் சிறிதே. மற்றொன்று இதனினும் கொடிது. அவளை மிரட்டியவன்மேல் காதலன் அமிலத்தை வீசுகிறான். அச்செயலைக் கண்டு படம் போதிய அளவு நடுங்கவில்லை. ஒரு கொடுமையை அதே கொடுமையால் தீர்க்கும் கையை வீரம் என்று இளைஞர் எண்ணிவிட்டால், அதற்குக் கலை பொறுப்பேற்க வேண்டும்.

இயக்குநர் இவற்றுள் முதற்குறையை உணர்ந்தார் போலும். 2019-இல் அவர் இயக்கிய ‘கைதி’யும் இரவில் நிகழ்வதே. ஆனால் அங்கே, பிறந்தது முதல் காணாத மகளைக் காண வேண்டும் என்னும் தந்தையின் வேட்கை கதையைத் தொடக்கம் முதல் இழுத்துச் செல்கிறது. நிகழ்ச்சிகளுக்கு உள்ளத்தில் ஒரு வேர் இருப்பதால் தற்செயலும் உறுத்துவதில்லை.

இப்படம் ரிங்லெட் போன்ற ஊர்களுக்குச் சொல்வது ஒன்று உண்டு. தாப்பாவிலிருந்து வளைந்தேறும் சாலை, 1929-இல் தொடங்கிய போ தோட்டம் முதலியவற்றுக்கு ஆள்களைக் கொண்டுவந்தது ஒரு காலம். இன்று அதே சாலை, தேயிலைத் தொழிலாளர் பேரப்பிள்ளைகளை எஸ்.பி.எம். சான்றிதழோடு ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் இறக்கிவிடுகிறது. சான்றிதழ்ப் பையைப் பறிகொடுத்து நிற்கும் அவ்விளைஞனின் முகத்தில், தோட்டத்துப் பெற்றோர் தம் அச்சத்தையே காண்பர்.

சிறுவர்க்குக் காட்டத் தக்க படமன்று இது. எனினும் இடைநிலைப் பள்ளியின் மேல்வகுப்பில் தமிழ் இலக்கியம் கற்பிப்போர், இக்கதையைக் கோவலன் கதையோடு ஒருங்கு வைத்து மாணவரிடம் ஒரு வினா எழுப்பலாம்: இவ்விரு நகரங்களிலும் யார், எந்த நொடியில், வேறு செய்திருக்க வேண்டும்? அடைக்கலமாக வந்த கண்ணகியை ஏற்றுக் காத்த ஆயர்முதுமகள் மாதரியும் அந்த மதுரையில் வாழ்ந்தவளே. அவளையும் நினைவூட்டி அவ்வினாவைக் கேட்பது நன்று. ஏனெனில் நாளை அம்மாணவருள் சிலர் நகரத்துக்குச் செல்லும் அயலாராவர். சிலர் நகரத்தில் நின்று அயலாரை எதிர்கொள்வோராவர்.