கலப்பு முறையியல் நோக்கில் இராவதி கார்வேயின் ஆய்வுநெறி

முன்னுரை

ஆய்வுலகில் அளவுசார் முறையும் பண்புசார் முறையும் நெடுங்காலம் தனித்தனியே இயங்கி வந்தன. 1959இல் கேம்பல், ஃபிஸ்க் ஆகியோர் ஒரு பண்பினைப் பல முறைகளால் அளந்து சரிபார்க்கும் நெறியை முன்வைத்தனர். 1970இல் டென்சின் முக்கோணச் சரிபார்ப்பினைத் தரவு, ஆய்வாளர், கோட்பாடு, முறை என வகைப்படுத்தினார். தஷக்கோரி, டெட்லி ஆகியோரின் கையேடு 2003இலும், இதற்கெனத் தனி ஆய்விதழ் 2007இலும் வெளிவந்தபின் கலப்பு முறையியல் தனிப்புலமாக நிலைபெற்றது. இப்பெயர் வழங்குவதற்கு முன்னரே புணேயில் இந்நெறி கையாளப்பட்டதையும், அதன் வலிமையையும் வரம்பையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

அளவை எழுப்பிய வினா

இராவதி கார்வே (1905-1970) பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் குர்யேயிடம் பயின்றபின் பெர்லினில் ஃபிஷரின் வழிகாட்டுதலில் முனைவர் பட்ட ஆய்வினை மேற்கொண்டார். ஐரோப்பியர் மண்டையோட்டின் சமச்சீரின்மை அவர்தம் அறிவு மேன்மைக்குச் சான்று என்பது ஃபிஷரின் கருதுகோள். இனத்திற்கும் சமச்சீரின்மைக்கும் தொடர்பில்லை என்பதே கார்வே கண்ட முடிவாகும். வழிகாட்டியின் கோட்பாட்டைத் தரவு மறுக்க இடமளித்தமை இங்குக் கருதத்தக்கது.

பன்முகச் சான்றுகள்

1939இல் அவர் தக்காணக் கல்லூரியில் பணியேற்றார். லோஹேகாவுக்கு அண்மையிலுள்ள எரவாடாவில் அக்கல்லூரி அமைந்துள்ளது. 1953இல் வெளிவந்த இந்திய உறவுமுறை குறித்த அவரது நூல், மொழிதோறும் வழங்கும் உறவுச் சொற்களை மணமுறையோடும் பழைய நூற்சான்றுகளோடும் இணைத்தது. தாயின் உடன்பிறந்தானையும் மனைவியின் தந்தையையும் 'மாமன்' என ஒரே சொல்லால் சுட்டும் தமிழ் வழக்கு வெறும் சொல்லாட்சியன்று; முறைமணத்தின் மொழிப் பதிவு என்பது இவ்வணுகுமுறையால் தெளிவாகும்.

சாதி பற்றிய அவரது கருத்தும் இத்தகையதே. மராட்டியக் குயவருள் பெருஞ்சக்கரம் கையாள்வோரும் சிறுசக்கரம் கையாள்வோரும் வெவ்வேறு அகமணக் குழுவினர். எனவே ஒரு சாதி பல கிளைகளாகப் பிரிந்தது என்பதினும், தனித்தனிக் குழுக்கள் தொழிலால் ஒரு பெயர் பெற்றன என்பதே பொருந்தும் என அவர் வாதிட்டார். 1968இல் மல்கோத்ராவுடன் இணைந்து எட்டு அகமணக் குழுக்களை உயிரியல் அடிப்படையில் ஒப்பிட்டு இக்கருத்தினைச் சோதித்தார்.

வரம்பு

எனினும் ஒரு குறையைச் சுட்டுதல் வேண்டும். இனவாதத்தின் முடிவை மறுத்த கார்வே, அதன் கருவியாகிய உடல் அளவையைக் கைவிடவில்லை. தலையின் வடிவம் சூழலாலும் மாறுபடும் என்பதைப் போவாஸ் 1912இலேயே புலம்பெயர்ந்தோர் குறித்த ஆய்வில் காட்டியிருந்தார். முறைகளைக் கலப்பதனால் ஒரு முறையின் முற்கோள்கள் தாமே நீங்கிவிடுவதில்லை என்பது இதனால் புலனாகிறது.

முடிவுரை

தமிழாய்வில் இந்நெறிக்கு முன்னோடி இல்லாமலில்லை. கரஷிமா, சுப்பராயலு, மட்சுயி ஆகியோர் 1978இல் வெளியிட்ட சோழர் கல்வெட்டுப் பெயர்த்தொகுதி குறிப்பிடத்தக்கது. மூவேந்தவேளான் போன்ற பட்டங்களின் பரவலைக் கணக்கிட அது வழிவகுத்தது; அக்கணக்கின் பொருளை உணரக் கல்வெட்டு வாசகத்தையே மீண்டும் நாட வேண்டியதாயிற்று. கள ஆய்வு செய்யும் தமிழ் ஆய்வேடுகள் பலவற்றில் விழுக்காட்டு அட்டவணை பின்னிணைப்பாக மட்டுமே நின்றுவிடுகிறது. அட்டவணை பனுவலை வினவவும், பனுவல் அட்டவணையை மறுக்கவும் இடமிருந்தாலன்றி அது கலப்பு முறையியல் ஆகாது. இரு முறைகளின் அடுக்கு மட்டுமே ஆகும்.